பாகுநிலையா, பிசுக்குமையா? ஏழாம் வகுப்புத் தாளுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பொருள்களின் இயற்பியல் பண்புகள் பற்றி ஏழாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது, திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அட்டவணையில் நிறம், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை என்று வந்து, கடைசிக் கட்டத்தில் viscosity-க்கு, அதாவது ஒரு திரவம் எளிதில் ஓடாமல் இழுபடும் பண்புக்கு, பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள 'பாகுநிலை'யைப் போட்டிருந்தேன். ஒரு மாணவி, "எத்தனை டிகிரியில் மிஸ் பாகாகும்?" என்று கேட்டுவிட்டாள். மேலே இருக்கிற இரண்டு நிலையும் வெப்பநிலை, அவள் கேட்டதில் என்ன தப்பு? 'கெட்டித்தன்மை' மட்டும் வேண்டாம். கெட்டியாக இருந்தால் அடர்த்தி அதிகம் என்றுதான் ஏற்கெனவே எழுதுகிறார்கள். விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதப்பதைக் காட்டினாலும், மறுநாள் அதையேதான் எழுதுகிறார்கள்.
- கோவை ஆசிரியை

---

அம்மா, இதற்குப் பிசுக்குமை என்ற நல்ல சொல் இருக்கிறதே. பிசு என்பது அடி. பிசின், பிசுக்கு, பிசுபிசுப்பு, பிசைதல் எல்லாம் அதில் கிளைத்தவை. பசையும் அதன் உறவாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், பசையிலிருந்து பசுமைக்கும் பச்சைக்கும் போய்விடலாம், ஈரம் உள்ளதுதானே பச்சை? பணக்காரரைப் 'பசையுள்ள ஆள்' என்கிறோம், அங்கேயும்
- மதுரை

---

> பசையுள்ள ஆள்

ஐயா, திங்கட்கிழமை அச்சு :)

பிசுக்கு என்றால் பிள்ளைகளுக்குத் தலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குதான் நினைவுக்கு வரும். அது கையில் ஒட்டுவது. நமக்கு வேண்டியது திரவத்தின் ஒரு அடுக்கு நகரும்போது பக்கத்து அடுக்கு அதைப் பிடித்து இழுப்பது. அறை வெப்பநிலையில் விளக்கெண்ணெய்க்கு அந்த இழுப்பு தண்ணீரைப்போல ஏறத்தாழ 1000 மடங்கு, அடர்த்தியோ 0.96 தான். இந்த இரண்டு எண்களையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள் டீச்சர், பாதிக் குழப்பம் தீரும். சொல் பாகிலிருந்தே வரட்டும். வெல்லப்பாகு அடுப்பில் கொதிக்கும்போது கரண்டியிலிருந்து சரசரவென்று வழியும், ஆற ஆறக் கம்பி இழுக்கும். சூடு ஏறினால் இந்தப் பண்பு குறையும் என்ற பாடமும் அதிலேயே வந்துவிடுகிறது. பாகுமை என்று வைக்கலாமே?
- சென்னை

---

பெயர்ச்சொல்லோடு மை சேருமா என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன், ஆண்மை, தாய்மை இருக்கின்றன, சேரும். ஆனால் காதில் விழும்போது கண்மை, பேனா மை வரிசையில் இன்னொரு மை மாதிரி இருக்கிறது. பேசாமல் பாகுத்தன்மை என்றே போடுங்கள், ஏழாம் வகுப்புக்கு விளக்கமே தேவைப்படாது.
- திருச்சி

---

தன்மை, தன்மை, தன்மை! எதன் வாலில் வேண்டுமானாலும் ஒட்டுகிறோம், சொல்லாக்கம் என்றால் இவ்வளவுதானா? அப்புறம், பாகு என்றால் இனிப்பு. ஆஸ்திரேலியாவில் குயின்சுலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் புனலில் ஊற்றி வைத்த கீல் (தார் போன்ற கறுப்புப் பொருள்), 2014 வரை ஒன்பது சொட்டுதான் விட்டிருக்கிறது. சுத்தியால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் பொருள். அதற்கும் பாகுத்தன்மையா?
- மதுரை

---

அதற்குப் பிசுக்கும் இல்லையே ஐயா, கையில் ஒட்டாதே.
- சென்னை

---

மெக்கானிக்குகள் ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்து "பிசுபிசுப்பு போயிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார்கள். புழக்கம்தான் அளவுகோல் என்றால் மதுரை ஐயா பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு பாகுத்தன்மைக்கே.
- சேலம்

---

எல்லாருக்கும் நன்றி. பாகுத்தன்மை என்று போட்டு, பெரிய வகுப்பில் இதையே பாகுநிலை என்பார்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். விளக்கெண்ணெய் எண்கள் இரண்டும் வருகின்றன.
- கோவை ஆசிரியை

---

அந்தக் கீழ்வரியில் பிசுக்குமைக்கும் ஓர் இடம் கொடுத்தால் தாள் ஒன்றும் கிழிந்துவிடாது. பசை பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
- மதுரை