லைனோ, பனை, அந்தியேட்டிப் படம்: யாழ்ப்பாணத்தில வரையத் தொடங்கிறவைக்கு

தம்பி, வெளிநாட்டு வீடியோவில சொல்லுற காயிற நேரமும் தண்ணிக் கணக்கும் எங்கட ஊருக்குச் சரிவராது. முதல்ல தண்ணியைப் பாருங்கோ. வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. நீர்வண்ணத்தில கடும் நிறம் பூசிக் காய்ஞ்ச பிறகு மேல வெள்ளை படிஞ்சால் பெயின்றைக் குறை சொல்லாதேங்கோ. மாரியில பிடிச்சு வைச்ச மழைத்தண்ணி நல்லது, இல்லாட்டிக் கடையில விக்கிற குடிதண்ணி. பண்ணைக் கடல் தண்ணியில தூரிகை கழுவவே வேண்டாம். உப்புக் காகிதத்தில தங்கி, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காகிதம் சதுர மீற்றருக்கு 300 கிராம் தடிப்பில எடுங்கோ. 200 கிராம் எண்டால் நனைச்சு, பலகையில நாலு பக்கமும் பசை ரேப் ஒட்டி இழுபடக் காயவிட வேணும். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில வானம் பூசிப் பாதி போக முதலே விளிம்பு காய்ஞ்சு கோடு விழும். அதுக்கு வழி: காகிதத்தின்ர இரண்டு பக்கமும் நனையுங்கோ, வானத்து நிறத்தை முன்கூட்டியே தாராளமாக் கரைச்சு வையுங்கோ, அரைக் கோப்பைத் தண்ணிக்கு இரண்டு மூண்டு சொட்டுக் கிளிசரின் விடுங்கோ. கூட விட்டால் படம் காயாமல் கையில ஒட்டும்.

வெளியில கீறேக்க காகிதம் நிழலில இருக்க வேணும். வெய்யில் படுற காகிதத்தில நிறம் வெளிறித் தெரியும், அதுக்கு ஈடாக் கடும் நிறம் போடுவம், வீட்டுக்குள்ள கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். காலமை 6 தொடக்கம் 8.30, பின்னேரம் 4.30க்குப் பிறகுதான் நிழல் நீளமா விழும்.

பனையை நட்சத்திரம் மாதிரிக் கீறுறதுதான் கனபேர் விடுற பிழை. தூரத்துப் பனை வட்டு ஒரு உருண்டை. மேல் ஓலை நிமிர்ந்து நிக்கும், பக்கத்து ஓலை சிலது விளிம்பு மட்டும் காட்டும், கீழ காவோலை தொங்கும். உருண்டையை ஒரே நிறத்தில போட்டு, வெளிச்சப் பக்கத்தில மூண்டு நாலு ஓலையை மட்டும் விசிறியாப் பிரிச்சுக் காட்டினால் காணும். ரியூப் பச்சை வேண்டாம். பிரஷியன் நீலமும் மஞ்சள் ஓக்கரும், கொஞ்சம் பேர்ன்ற் சியன்னாவும் கலந்தால் அந்தச் சாம்பல் பச்சை வரும். சுன்னாகம், உரும்பிராய்ச் செம்மண்ணின்ர நிழலுக்கு அல்ட்ராமரின் சேருங்கோ. கறுப்புச் சேர்த்தால் சேறாப் போகும்.

*

முகப்படம் பற்றி. இஞ்ச வாற ஓடர்களில கனக்க அந்தியேட்டிக்கோ ஆண்டுத் திவசத்துக்கோ கேக்கிறது. கையில தாறது அடையாள அட்டைப் படம். நேர வெளிச்சத்தில எடுத்ததால மூக்குக்குக் கீழயும் கன்னத்திலயும் நிழல் இராது, பார்த்தபடி கீறினால் முகம் தட்டையா வரும். அந்த ஆள் பக்கவாட்டில திரும்பி நிக்கிற கலியாண வீட்டுப் படம் ஒண்டாவது கேட்டு வாங்குங்கோ. மூக்கெலும்பும் தாடையும் எங்க திரும்புது எண்டு அதிலதான் பிடிபடும். செல்பி தந்தால் கவனம்: கிட்ட வைச்சு எடுத்ததில மூக்குப் பெருத்து, காது சிறுத்திருக்கும்.

படத்துக்கு மேல கட்டம் கீறி, 1 அங்குலக் கட்டத்தை 4 அங்குலமாப் பெருப்பிக்கலாம். ஆனால் கண் உச்சிக்கும் நாடிக்கும் நடுவில வருதோ எண்டு தனிய அளந்து பாருங்கோ. கண்ணை மேல தூக்கினால் ஆளே மாறிப்போகும், வீட்டுக்காரருக்கும் ஏன் எண்டு சொல்லத் தெரியாது.

எங்கட தோல் நிறத்துக்கு வெள்ளை கலந்து வெளிச்சம் காட்டினால் முகம் சாம்பல் பூக்கும். சியன்னா, ஓக்கர், அல்ட்ராமரின் மூண்டும் போதும். நெத்தியிலயும் கன்ன எலும்பிலயும் மினுங்கிற இடத்துக்குச் சாடையான நீலம் கலந்த வெளிர், அதுவும் சின்னனா. திருநீறு கடைசி வேலை. குறி நெத்தி வளைவோட போக வேணும், கரையில மெலிய வேணும்.

*

அடுத்தது லைனோ அச்சு: லைனோலியம் தகட்டில படத்தை உளியால வெட்டி, மை உருட்டி, காகிதத்தில ஒத்தி எடுக்கிறது. லைனோலியம் 1860களில இங்கிலாந்தில தரைவிரிப்பா வந்த பொருள்: ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், அடியில சணல் துணி. அந்த எண்ணெய் வருசம் போகப் போக இறுகும், தகரக் கூரைக்குக் கீழ வைச்சால் இன்னும் கெதியா. வாங்கேக்க மூலையை மெல்ல வளையுங்கோ, வெடிச்சால் விட்டிடுங்கோ. வெட்ட முதல் 5, 10 நிமிசம் வெய்யிலில வைச்சால் உளி வழுக்கிக்கொண்டு ஓடும். கிடைக்காட்டி ஹாட்வெயாரில 4 மில்லிமீற்றர் பிளைவூட். அதில நாருக்குக் குறுக்கால போனால் சிலாம்பு பேரும், முதல்ல கத்தியால கோடு கீறிப்போட்டு உளி வையுங்கோ. மற்றக் கை எப்பவும் உளிக்குப் பின்னால இருக்க வேணும். வளைவுக்குப் பலகையைத்தான் திருப்பிறது.

எண்ணெய் மைதான் நல்லது. சித்திரை வெக்கையில தண்ணி மை ரோலரிலேயே காயும். கண்ணாடியில உருட்டேக்க சத்தத்தைக் கேளுங்கோ. சர்ர் எண்டு ஒரே சீரா வந்தால் அளவு சரி. சப்புச் சப்பெண்டு ஒட்டி ஒட்டி வந்தால் மை கூட, மெல்லிய வெட்டெல்லாம் அடைபடும்.

மை பூசின பலகையில காகிதத்தை வைச்சுக் கையால தேய்க்கிறதுக்கு 60 தொடக்கம் 80 கிராம் காகிதம். மரக்கரண்டி முதுகால நடுவில இருந்து கரைக்குத் தேயுங்கோ. ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கலாம், மற்ற மூலை அசையக்கூடாது. முதல் இரண்டு மூண்டு பிரதி வெளிறும், அதைப் பழைய பேப்பரில எடுங்கோ. மாரியில காய ஒரு கிழமைக்கு மேல போகும், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காதேங்கோ.

முகத்தை அச்சில செய்ய விருப்பமெண்டால் ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விற்ஸின்ர மர அச்சுகளைக் கட்டாயம் பாருங்கோ. பெரிய கறுப்புக்குள்ள வெளிச்சம் விழுற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒரு தாயின்ர முழுத் துயரத்தையும் காட்டியிருப்பா.

*

கழுவுறது விடுபட்டுப் போச்சு. கனபேர் தேங்காய் எண்ணெயால துடைக்கினம். மை நல்லா விடும், ஆனால் அது காயாத எண்ணெய். பலகையில தங்கினால் அடுத்த பிரதியின்ர மை காயாமல் கிடக்கும். சவர்க்காரம் போட்ட ஈரத் துணியால இரண்டு தரம் துடையுங்கோ, சணல் பக்கம் நனையவிடாதேங்கோ.

பிரதி இலக்கம் படத்துக்குக் கீழ இடப்பக்கம், 3/15 (15 பிரதியில மூண்டாவது) எண்டு; தலைப்பு நடுவில, கையெழுத்து வலப்பக்கம். பென்சிலால எழுதுங்கோ, பேனை மை வெளிறும்.