கலைச்சொல் உதவி: திரையில் ‘ரெப்ரசென்டேஷன்’

மடல் 1
அன்புள்ள குழுமத்தாருக்கு,
திரைப்பட வகுப்புக்காக ‘செர்னீ பரோனி’ (கறுப்புப் பிரபுக்கள், 1992) என்ற செக் படத்துக்குக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்திய இளைஞர்களுக்குச் செக்கோஸ்லோவாக்கிய அரசு துப்பாக்கி தரவில்லை; சுரங்கத்துக்கும் கட்டட வேலைக்கும் அனுப்பியது. 1950 முதல் 1954 வரை இருந்த அந்தத் துணைப் படைப்பிரிவுகளைப் பற்றிய நகைச்சுவைப் படம் இது. தோளில் கறுப்புப் பட்டை அணிந்ததால் வந்த பெயர். குருமார், வசதியான விவசாயிகளின் பிள்ளைகள், படித்தவர்கள் எல்லோரும் ஒரே கொட்டடியில் இருந்தார்கள். ‘டைவர்சிட்டி’க்குப் பன்முகத்தன்மை என்று போட்டுவிட்டேன். ஒரு மக்களைத் திரையில் காட்டுவதைக் குறிக்கும் ‘ரெப்ரசென்டேஷன்’தான் இடிக்கிறது. பிரதிநிதித்துவம் என்றால் மாணவர்கள் சட்டமன்றத் தொகுதியை நினைக்கிறார்கள்.

மடல் 2
முதல் சொல்லையே மாற்றுங்கள். பன்முகம் என்பது ஒரே பொருளுக்குப் பல முகம். ஒரு கொட்டடியில் பல வகை மனிதர் இருப்பது பல்வகைமை. பிரதிநிதி வடசொல், சார்பாளர் என்ற நல்ல தமிழ் இருக்கிறது. அதிலிருந்து சார்பாண்மை. ஆள், ஆண்மை, வேளாண்மை என்று வரும் மரபு இது. வேளாண்மையில் உள்ள ‘வேள்’ விருப்பத்தைக் குறிப்பது. உழவு பிற்பாடு சேர்ந்த பொருள். ‘விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு’ என்ற குறளில் அது உதவிதானே?

மடல் 3
ஐயா, வேளாண்மையைப் பிறகு பார்க்கலாம். பல்வகைமையை ஏற்கிறேன். ஆனால் சார்பு என்றால் இன்று பாரபட்சம். படத்தில் ஸ்லோவாக்கியரும் வருகிறார்கள்; ‘ஸ்லோவாக்கியர் சார்பாண்மை’ என்று அச்சிட்டால், படம் ஸ்லோவாக்கியர் பக்கம் சாய்கிறது என்றே என் மாணவர் படிப்பார். சித்திரிப்பு என்று போடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

மடல் 4
சித்திரமும் வடசொல்தானே, அம்மா. அதற்கு விலக்கு ஏன்?

மடல் 5
சொல்லுக்கு முன் காட்சியைப் பார்ப்போம். பாவெல் லாண்டோவ்ஸ்கி நடித்த மேஜர் ஹலுஷ்கா ஸ்லோவாக்கையும் செக்கையும் குழப்பிப் பேசுகிறார். ‘இப்போது’ என்பதற்கு அவர் ஓயாமல் சொல்லும் ‘டெராஸ்கி’யே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிடுகிறது. அரங்கம் அந்தப் பேச்சுக்குத்தான் சிரிக்கிறது. தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் சொன்னார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு எழுதிய உரையில் இளம்பூரணர் காட்டும், செயிற்றியம் என்ற பழைய நாடக நூலின் நூற்பா, சிரிப்புத் தோன்றும் இடங்களில் ஒன்றாக ‘ஆரியர் கூறும் தமிழின் கண்ணும்’ என்கிறது. அயலான் நம் மொழியைப் பேசினால் சிரிப்பு வரும் என்று நம் இலக்கணமே எழுதிவைத்திருக்கிறது. அதே நூற்பா முடவர் நடையையும் அந்தப் பட்டியலில் வைத்திருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. படம் வந்தது 1992இல். 1993 ஜனவரி 1 அன்று நாடே இரண்டாகிவிட்டது. திரையில் ஸ்லோவாக் பேச்சு கேட்கிறது, ஆனால் எள்ளலாகக் கேட்கிறது. உங்கள் சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும்.

மடல் 6
இதுதான் சரி. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைப்பதை நாமும் ஒன்றில் அடைக்க வேண்டியதில்லை. ஒரு மக்கள் திரையில் வருகிறார்களா என்பது இடம்பெறல். வந்தவர்களை எப்படிக் காட்டினார்கள் என்பது சித்திரிப்பு.

மடல் 7
‘இடம்பெறல்’ செய்தித்தாள் நடை. ‘கூட்டம் இடம்பெற்றது’ என்று இலங்கை ஏடுகளில் நாள்தோறும் வருகிறது. கலைச்சொல்லுக்கு அந்தக் கனம் போதாது.

மடல் 8 (முதலில் கேட்டவர்)
எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். ‘பல்வகைமை: இடம்பெறலும் சித்திரிப்பும்’ என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். செயிற்றிய வரியை மேஜர் பற்றிய பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

மடல் 9
அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். சித்திரிப்பை நான் ஏற்கவில்லை. ‘காட்டுகை’ என்று எழுதியிருக்கலாம். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுகிறேன். வேளாண்மை பற்றிக் கேட்டதற்கும் இன்னும் யாரும் விடை தரவில்லை.