வீட்டுப் பட்டாசல்லயே ஒண்ணுக்குப் போற சிப்பிப்பாறை நாய்க்குட்டி

பாளைக்காரன்:
கோவில்பட்டிப் பக்கமிருந்து வாங்குன குட்டி, வயசு ரெண்டு மாசம் ஆவுது. புறவாசல்ல கால் மணி நேரம் நிறுத்துனாலும் மோந்து பாத்துட்டு சும்மா நிக்கி. உள்ள வந்ததும் ஆச்சி கட்டிலுக்கு அடியில போயிருது. ஃபினாயில் போட்டும் துடைச்சாச்சு. ஆச்சி, "சவத்தக் கொண்டு விட்டுட்டு வால"ங்கா. என்ன செய்ய?

மானூர் அண்ணாச்சி:
அந்த வயசுக் குட்டி ரெண்டு மணி நேரத்துக்கு மேல அடக்காது வே. தூங்கி முழிச்சதும், தின்னதும், விளையாடி முடிச்சதும் தூக்கிட்டுப் போவும். தினமும் ஒரே இடம். எங்க வீட்டுக் கன்னி நாய்க்கு முருங்கை மூடு. போன நிமிஷமே அங்கேயே அவிச்ச கோழித்துண்டு ஒண்ணு குடும். வீட்டுக்குள்ள வந்து குடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது. மூஞ்சியப் பிடிச்சுத் தரையில தேய்ச்சிராதேயும், ஒளிஞ்சு போகத்தான் படிக்கும்.

தென்காசி அக்கா:
ஃபினாயில்ல நம்ம மூக்குக்குத்தான் வாடை மறையும் தம்பி. வினிகர் கலந்த தண்ணியில துடை. தடுப்பூசி முடியுமுன்ன தெருமண்ணுல விடாத, பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் வந்தா குட்டி தப்புறது கஷ்டம்.

பாளைக்காரன்:
ஈரம் துடைச்ச துணியப் புறவாசல் வாழை மூட்டுல போட்டு வச்சேன். இன்னைக்குக் காலையில அங்கேயே போயிட்டு! ராத்திரி மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியிலதான். கோழி அவிக்கது இப்ப ஆச்சி.