போர்க்குதிரையின் எஃகுக் கவசம்: அந்தப் பாரத்தைக் குதிரை எப்படித் தாங்கியது?

கேள்வி (கொடைக்கானலிலிருந்து):
ஏரிச் சாலையில் வாடகைக்கு விடும் குதிரைகளை நாள்தோறும் பார்க்கிறவன் நான். சேணத்தின் வார் சற்றே உராய்ந்தாலும் அவற்றுக்குப் புண் வந்துவிடுகிறது. 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ போர்க்குதிரைக்கு முகம் முதல் பின்புறம் வரை எஃகுத் தகடு பூட்டியிருக்கிறார்கள். கவசமணிந்த வீரனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அது எப்படிப் பாய்ந்து ஓடியிருக்கும்? இவை போருக்குச் செய்யப்பட்டவையா, ஊர்வலத்துக்கா?

மறுமொழி (கோத்தகிரியிலிருந்து):
இரண்டுக்கும்தான், ஐயா. பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு அனுப்பியதாகக் கருதப்படும் குதிரைக் கவசத்தில் மாதுளைக் கொடிகளைப் புடைப்பு வேலையாக எழுப்பியிருக்கிறார்கள். அது பெருமையைக் காட்டச் செய்தது. ஆனால் எல்லாம் அப்படியல்ல. லண்டன் வாலஸ் காட்சியகத்தில் உள்ள, 1480ஐ ஒட்டி ஜெர்மனியின் லான்ட்ஸ்ஹூட் நகரில் உருவான கவசத்தில் குதிரையின் பங்கு ஏறத்தாழ 30 கிலோ, வீரனின் பங்கு 27 கிலோ. ஆளின் எடையைச் சேர்த்தால், சேணம் நீங்கலாகவே, 120 கிலோவைத் தாண்டிவிடும். அதைச் சுமந்த குதிரையும் பூதாகாரமானதன்று. எஞ்சியுள்ள கவசங்களின் அளவைப் பார்த்தால் தோள் உயரம் ஐந்தடி, அதற்குச் சற்று மேல் என்றே தெரிகிறது. பயணத்தின்போது வீரன் வேறொரு குதிரையில் ஏறிச் செல்வான். போர்க்குதிரையை வெறும் முதுகோடு நடத்தி வந்து களத்தருகே மாறிக்கொள்வான். ஆகவே முழுப் பாரமும் அதன்மேல் இருந்தது சிறிது நேரமே.

நீங்கள் சொன்ன உராய்வைக் கொல்லரும் அறிந்தே இருந்தார். தகடுகளின் உட்புறத்தில் திண்டு வைத்துத் தைத்தார்கள். நெஞ்சுத் தகடும் பின்புறத் தகடும் சேணத்தோடு வாரால் பிணைக்கப்பட்டுத் தொங்கின. வயிறும் கால்களும் திறந்தே கிடந்தன. கால்களுக்கும் தகடு பூட்டிய ஒரு குதிரையை 1480இல் தீட்டிய ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. அது வழக்கமாகவில்லை, ஆகியிருந்தால்தான் எனக்கு வியப்பு.

மறுமொழி (வெள்ளகவிப் பாதையில் பொதிக்குதிரை நடத்துபவர்):
ஏற்றத்தில் குதிரை தலையைத் தாழ்த்திக் கழுத்தை முன்னே நீட்டித்தான் இழுத்து ஏறும். கழுத்தைத் தகட்டால் மூடிய பிறகு அது எப்படி முடியும்? கண்ணருகே இரும்பு இருந்தால் மிரளாதா?

மறுமொழி (கோத்தகிரியிலிருந்து):
கழுத்துத் தகடு ஒற்றைத் துண்டு அன்று. பிடரியின் மேல் பல பட்டைகளை ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, தோல் வாரிலோ நழுவும் ஆணிகளிலோ கோத்திருப்பார்கள். கழுத்து வளையும்போது பட்டைகளும் நகரும். முகத்தகட்டில் கண்ணுக்குத் துளை விட்டு, ஓரத்தை வெளியே மடித்திருப்பார்கள். தாங்கள் கேட்ட மிரட்சிக்கு விளையாட்டுப் போட்டியில் அவர்கள் கண்ட வழி வேறு: ஈட்டியோடு எதிரெதிரே பாயும் குதிரை விலகி ஓடாதிருக்க, கண் துளையே இல்லாத முகத்தகட்டைப் பூட்டினார்கள். வண்டிக் குதிரையின் கண்பட்டை பக்கத்தை மட்டுமே மறைக்கும். இதுவோ முழுக் குருடாக்கிவிடும். களத்தில் அதைப் போட யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். துப்பாக்கி பெருகியபின் விலாத் தகடும் பின்புறத் தகடும் கைவிடப்பட்டன. முகத்தகட்டின் மேற்பாதி மட்டும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் வழக்கில் இருந்தது.