அலாய் வீல்ல வெள்ளைத் திட்டு, தேய்ச்சாலும் போகல (அவசரம்)

ஈசிஆர்வண்டி: நாலு வீல்லயும் வெள்ளை வெள்ளையா திட்டு. ஷாம்பு போட்டுத் தேய்ச்சாச்சு, அசையல. என்ன போட்டா போகும்? ஞாயிறு கல்யாணத்துக்கு வண்டி எடுக்கணும்.

மெருகு: பிரேக் தூள்தான் ப்ரோ. அயர்ன் ரிமூவர் அடிங்க, ஊதாவா மாறி வழியும். முட்டை அழுகின நாத்தம் வரும், பயப்படாதீங்க.

டார்க்ரெஞ்ச்: பிரேக் தூள் பழுப்பா, துரு நிறத்துல இருக்கும். வெள்ளைக்கு அயர்ன் ரிமூவர் என்ன பண்ணும்? வீல் முழு பெயின்ட்டா, முகப்பு கடைஞ்ச டயமண்ட் கட்டா? எந்தத் தண்ணி? திட்டு நகத்துல தட்டுதா?

பழையகை: போட்டோ இல்ல, வண்டி பேர் இல்ல. இது ஜோசியக் கட்டம் இல்ல தம்பி. மாசம் ஒருத்தர் இதையே கேக்குறாங்க, தேடிப் பாக்குற பழக்கமே போச்சு.

வெள்ளைப்பூண்டு: டாய்லெட் கிளீனர் ரெண்டு மூடி ஊத்தித் தேய்ங்க, பளிச்.

டார்க்ரெஞ்ச்: தயவுசெஞ்சு வேண்டாம். அதுல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கிளியர் கோட்ல (வீல் மேல அடிச்ச நிறமில்லாத பூச்சு) கீறல் இருக்கிற இடமா பாத்து உள்ள போய் அலுமினியத்தைக் குழி குழியா அரிக்கும். அடுப்பு கரி எடுக்கிற காஸ்டிக் திரவமும் அப்படித்தான்.

ஈசிஆர்வண்டி: டயமண்ட் கட். போர் தண்ணி. போன வாரம் வாட்டர் வாஷ்ல ஏதோ அடிச்சாங்க, புகை மாதிரி வந்துச்சு.

உப்புக்காத்து: இதைத்தான் முதல்லயே சொல்லிருக்கணும். மூணு சாத்தியம் இருக்கு. ஓரம் வளையமா, சொட்டு வடிவத்துல இருந்தா போர் தண்ணி காஞ்ச சுண்ணாம்புக் கறை. பால் ஊத்தின மாதிரி பரவலா மங்கியிருந்தா, சூடான வீல்ல ஆசிட் காஞ்சு கிளியர் கோட் வெந்திருக்கு. புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடா, மேல வழவழன்னு இருந்தா அரிப்பு கிளியர் கோட்டுக்கு அடியில நடக்குது.

சுண்ணாம்புக்கு: வீல் கையில் தொட்டா ஜில்லுன்னு இருக்கணும். கடை வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி. துணியில நனைச்சு 2-3 நிமிஷம் திட்டு மேல ஒத்தி வைங்க, காய விடாதீங்க. ஷாம்பு தண்ணியில கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணி, உடனே மைக்ரோஃபைபர்ல துடைக்கணும். தானா காய விட்டா மறுபடி அதே கறை. ஒரு வீல்ல ஓரமா செஞ்சு பாத்துட்டு மத்ததுக்குப் போங்க.

மங்கலுக்கு: மெல்லிய பெயின்ட் பாலிஷ் கையால. மெட்டல் பாலிஷ் போட்டுத் துணி கருப்பாச்சுன்னா அங்க கிளியர் கோட்டே இல்ல, நிறுத்திடுங்க.

மெருகு: அப்புறம் மேல செராமிக் பாதுகாப்புப் பூச்சு போட்டா வருஷக்கணக்குல தொல்லை இல்ல.

உப்புக்காத்து: அரிப்பு இருக்கிற வீல்ல போட்டா அதையும் சேத்து மூடி வைக்கிறதுதான். சுத்தம் பண்ணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல எண்ணெய்ப் பசை எடுத்து, அப்புறம் போடணும். ஒரு நாள் தண்ணி படக்கூடாது. நட் உக்காருற குழியிலயும் ஹப் ஒட்டுற முகத்துலயும் படவே கூடாது.

பழையகை: வீலுக்கு செராமிக், அடியில டீசல் ஸ்ப்ரே. வாட்டர் வாஷ் போறவங்க லட்சணம்.

வெள்ளைப்பூண்டு: டீசல் அடிச்சா துரு பிடிக்காது சார், எல்லா கடையிலயும் அடிக்கிறாங்க.

டார்க்ரெஞ்ச்: ரப்பர் புஷ் ஊதிப் போகும். டிஸ்க்ல தெறிச்சா பிரேக் பிடிக்காது. தூசியும் அந்தப் பசையில ஒட்டி வீல் உள்பக்கம் கெட்டியாகும்.

வெள்ளைப்பூண்டு: எங்க ஊர்ல லாரி எல்லாம் அடிச்சுதான் ஓடுது.

பழையகை: லாரிக்கு ஏது டயமண்ட் கட்.

டார்க்ரெஞ்ச்: வீலைக் கழட்டி உள்பக்கம் கழுவினா, திருப்பி மாட்டுறப்ப நட்டை ஸ்டார் வரிசையில (எதிரெதிரா மாத்தி மாத்தி), மேனுவல்ல போட்ட டார்க்குக்கு (இறுக்க அளவு) இறுக்குங்க. அது காருக்குக் கார் மாறும். ஏர் கன்னால மட்டும் முடிச்சுடாதீங்க.

ஈசிஆர்வண்டி: வினிகர் வேலை செஞ்சது. மூணு வீல் ஓகே. முன்பக்க இடது மட்டும் புழு மாதிரி அப்படியே இருக்கு, ரிம் ஓரத்துல.

உப்புக்காத்து: வீல் ஆடாம சுத்த ஓரத்துல அடிச்சு மாட்டுற பேலன்ஸ் வெயிட் இருந்துச்சா? அது கிளியர் கோட்டை உடைச்சு உப்புக்காத்துக்கு வழி விட்டிருக்கும். இனி உள்பக்கம் ஒட்டுற வெயிட் கேளுங்க. இந்த வீலுக்குத் துடைப்பு உதவாது. கிளியர் கோட்டை உரிச்சு லேத்துல கடைஞ்சு மறுபடி கிளியர் அடிக்கணும். ஒவ்வொரு கடைசலும் உலோகத்தைத் தின்னும், அதனால ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல தாங்காது. ஏற்கெனவே கடைஞ்சதா?

டார்க்ரெஞ்ச்: போட்டோ போடுங்க ப்ரோ.

பழையகை: கல்யாணத்துக்குப் போயாச்சு போல.