‘மார்த்தாண்டவர்மா’ நாவல் உலகத்தில் ஆர்பிஜி கட்டுரை: ஆட்டக்காரர்களுக்கு இடம் எங்கே?

களியக்காவிளை_பகடை:
வணக்கம். திருவிதாங்கூர் அரியணைப் போட்டியைச் சொல்லும் சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் ‘மார்த்தாண்டவர்மா’வை (1891) வைத்து ஒரு ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் படிக்கிறவர் நாலு நண்பர்களைக் கூட்டி அன்றைக்கே ஆட உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் ஆசை. எங்கள் குழுவில் பாதிப்பேர் பாறசாலைப் பக்கம், மலையாளத்தில் படித்தவர்கள், மீதிப்பேர் தமிழில் படித்தவர்கள். பத்மநாபபுரம் அரண்மனையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் இடங்களைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. சிக்கல் என்னவென்றால், நாவலில் முக்கியமான வேலையை எல்லாம் இளவரசர் மார்த்தாண்டவர்மா பக்கத்து வீரன் அனந்தபத்மநாபன் வேஷம் மாறி வந்து முடித்துவிடுகிறான், மிச்சத்தை இளவரசருக்கு உதவும் சுபத்திரை பார்த்துக்கொள்கிறாள். புதிதாக வரும் ஆட்டக்காரர் இளவரசர் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதா? இப்போதைக்குக் கட்டுரை கதைச்சுருக்கமாகத்தான் நிற்கிறது. உரிமைப் பிரச்சினை ஏதாவது வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_வாசகி:
உரிமை பற்றி மட்டும் நான் சொல்கிறேன். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும்தான் காப்புரிமை, சி.வி. இறந்தது 1922இல், அதனால் நாவலில் கை வைக்கலாம். மொழிபெயர்ப்பாளரின் வரிகளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அதற்குத் தனி உரிமை உண்டு. இதே நாவலை 1933இல் மௌனப் படமாக எடுத்தபோது உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டு, படம் ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே சுருளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். ரூல்ஸுக்கு டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ஆர்பிஜி) ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் விட்டிருக்கிறார்கள், அதைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

நாஞ்சில்_கேம்மாஸ்டர்:
தம்பி, டி அண்ட் டி இதற்குச் சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். அதில் அடிபட்டு அடிபட்டு லெவல் ஏறுவதுதான் ருசி, சி.வி.யின் உலகத்தில் சண்டையை விடப் பெரிய பயம் எதிரே நிற்கிறவன் யார் ஆள் என்று தெரியாததுதான். 1981இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘கால் ஆஃப் துலு’ ஆர்பிஜியைப் பாருங்கள். அதற்கு மூலமான லவ்கிராஃப்டின் திகில் கதைகளில் மனிதன் பார்க்கக் கூடாததைப் பார்த்துப் புத்தி பேதலிக்கிறான் இல்லையா, அந்தப் புத்தியையே கேரக்டர் ஷீட்டில் (ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் விவரம் எழுதி வைக்கும் தாளில்) ஒரு எண்ணாகப் போட்டு, ஆடஆடக் குறைய வைத்துவிட்டார்கள். மூலக்கதையை ஒரு வரி படிக்காதவனுக்கும் அந்த உலகம் பிடிபட்டுவிடும். உங்கள் ஷீட்டிலும் அப்படி இரண்டு விஷயம் போதும்: ‘உப்பு’, ‘வேஷம்’. யார் உப்பைத் தின்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும், அது இளவரசராக இருக்கலாம், அவரோடு பட்டத்துக்குப் போட்டி போடும் அரசர் மகன் பத்மநாபன் தம்பியாக இருக்கலாம், இளவரசரை எதிர்க்கும் பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாராக இருக்கலாம். பொய் சொல்லும்போதெல்லாம் வேஷத்துக்குப் பகடை உருட்ட வேண்டும், அது பூஜ்யத்துக்கு வந்தால் சீட்டைப் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

இடம் எங்கே என்று கேட்டீர்களே, சி.வி.யே விட்டு வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்தில் பஞ்சவன்காட்டில் அனந்தபத்மநாபன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான், அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது இரண்டு வருஷம் கழிந்துவிட்டது. அந்த இடைவெளியில் கதாநாயகன் ஊரிலேயே இல்லை, உங்கள் ஆட்டக்காரர்களை அங்கே இறக்குங்கள். ஒருவர் பனையேறி, ஒருவர் வர்ம வைத்தியர், ஒருவர் பட்டாணியர் (பத்தான்) வியாபாரிகள் கூட்டத்துக் கூலி, ஒருவர் நாஞ்சில்நாட்டுக் கணக்கர். ராத்திரி, மழை, வழியம்பலத்துத் திண்ணையில் ஒதுங்குகிறார்கள். அங்கே முன்பே ஒருவன் போர்த்திப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் ஓலைச் சுருள், அதில் முத்திரை. வெளியே சுமைதாங்கிக் கல் பக்கம் பந்தத்தோடு தம்பியின் வேல்காரர்கள் வருகிறார்கள். ஓலையை யார் எடுப்பது, யாரிடம் கொடுப்பது? கட்டுரை இங்கே தொடங்கட்டும். கதைச்சுருக்கம் அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

வில்லுக்கட்டு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் குமரிப் பக்கத்தில் ‘தம்பிமார் கதை’ வில்லுப்பாட்டு இருக்கிறது, அதைக் கேட்கிறவன் மனசு தம்பிமார் பக்கம்தான் போகும். நாவலில் வில்லனாக வருகிறவர்களுக்கு ஊரில் வேறு ஞாபகம் உண்டு. தம்பியின் உப்பைத் தின்கிற ஆட்டக்காரருக்கு அந்த நியாயத்தையும் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் மூன்று சீட்டில் ஒன்றை ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

தக்கலை_வாசகி:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கட்டுரை சி.வி.யின் உலகம் என்று சொல்லித்தானே வருகிறது, வில்லுப்பாட்டையும் கலந்தால் வாசகருக்கு எது நாவல் எது பாட்டு என்று தெரியாமல் போய்விடும்.

களியக்காவிளை_பகடை:
அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வழியம்பலத்திலிருந்தே தொடங்குகிறேன். பாட்டை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் தம்பி பக்கத்துச் சீட்டுக்கு மட்டும் தனிப் பெட்டி போட்டு, இது வில்லுப்பாட்டிலிருந்து எடுத்தது என்று மேலேயே எழுதிவிடுகிறேன் அக்கா. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: ஆட்டத்தில் சுபத்திரையை யாராவது காப்பாற்றிவிட்டால்?

நாஞ்சில்_கேம்மாஸ்டர்:
காப்பாற்றட்டும் தம்பி. நாவலில் அவள் கதி என்ன என்பதை ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டருக்கு மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள், முடிவு மேசையில் நடக்கட்டும். 1729இல் பட்டம் ஏறப்போகிறவர் யார் என்பதைக்கூட நான் பூட்டி வைக்க மாட்டேன்.