தானியங்கி சிபாப் கருவியின் அழுத்தம் இரவுக்கிரவு மாறுவது ஏன்?

கேள்வி (பதிந்தவர்: அரைத்தூக்கம்)

உறக்க மூச்சுத்தடைக்காக நான்கு மாதங்களாகத் தானியங்கி சிபாப் கருவியை (மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) பயன்படுத்தி வருகிறேன். குறைந்த அளவு 4, உயர்ந்த அளவு 20 என்று கருவி வந்தபோது இருந்த அமைப்பே இன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் 95 சதவீத அழுத்தம் என்று காலையில் திரை காட்டும் எண் 9 சென்டிமீட்டர் நீர் என்ற அளவை ஒட்டியே இருந்தது. சென்ற இரண்டு வாரங்களில் சில இரவுகள் 8 என்றும், சில இரவுகள் 12.6 வரையிலும் ஏறியிறங்குகிறது. பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணியை ஒட்டி அழுத்தம் உச்சத்தைத் தொடுகிறது. முகத்தில் காற்று மோதுவதை உணர்ந்து அப்போது விழித்துக்கொள்கிறேன். ஏஎச்ஐ (உறக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணிக்கை) 3ஐத் தாண்டவில்லை. அப்படியானால் நோய் முற்றுகிறதா? உயர்ந்த அளவை 10ஆகக் குறைத்துவிட்டால் நிம்மதியாக உறங்க முடியுமா?

மறுமொழி (உள்மூச்சு)

இந்தக் கருவிக்கு நீங்கள் உறங்குகிறீர்களா, விழித்திருக்கிறீர்களா என்பதோ, உங்கள் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதோ தெரியாது. குழாய் வழியே போய்வரும் காற்றின் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் மட்டுமே அது கவனிக்கிறது. தொண்டை நன்றாகத் திறந்திருக்கும்போது உள்மூச்சின் வரைகோடு மேடுபோல வளைந்து எழுந்து இறங்கும். தொண்டை சற்றே ஒடுங்கினால் அந்த மேட்டின் உச்சி தட்டையாகிவிடும். அந்தத் தட்டையையும், குறட்டையின் அதிர்வையும், பத்து நொடிக்குக் குறையாமல் காற்றோட்டம் ஏறக்குறைய நின்றுபோவதையும் கண்டால் கருவி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அடையாளங்கள் மறைந்த பிறகு உடனே இறக்குவதில்லை. பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்குகிறது. ஆகவே உங்கள் வரைபடத்தில் ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் சரிவாகவும் தெரிந்தால் அது பழுதல்ல.

95 சதவீத அழுத்தம் என்பதைப் பலர் இரவின் சராசரி என்று எண்ணிக் கலங்குகிறார்கள். பயன்படுத்திய நேரத்தில் 95 சதவீதம் அழுத்தம் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது என்பதே அதன் பொருள். எட்டு மணி நேர உறக்கத்தில் மீதி 5 சதவீதம் என்பது 24 நிமிடம்தான். அதாவது இரவு முழுவதும் 7இல் அமைதியாக இருந்துவிட்டு, விடியலில் அரை மணி நேரம் மட்டும் 12ஐத் தாண்டினாலும் காலையில் அந்தப் பெரிய எண்ணே உங்கள் கண்ணில் படும். வேறு சில கருவிகள் 90 சதவீத அழுத்தத்தைக் காட்டுகின்றன என்பதால், இருவேறு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதிலும் பயனில்லை. இடைநிலை அழுத்தத்தையும் (பாதி நேரம் அழுத்தம் எந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தது என்பதை) சேர்த்துப் பாருங்கள். அதுதான் இரவின் பெரும்பகுதியைச் சொல்லும்.

விடியற்காலை உச்சத்துக்கும் காரணம் உண்டு. கனவுகள் மிகுந்த ரெம் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீண்டு வருகிறது. அந்நேரத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். கூடவே மல்லாந்து படுத்திருந்தால் நாக்கு பின்னோக்கிச் சரியும். இரண்டும் ஒன்றுசேரும் இரவில் 12ம், பக்கவாட்டில் படுத்த இரவில் 8ம் வருவது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஏஎச்ஐ 5க்குக் கீழே நிற்கிறது என்றால் கருவி கேட்டதைக் கொடுத்துச் சமாளித்திருக்கிறது என்று பொருள். அழுத்தம் கூடியதை மட்டும் வைத்து நோய் முற்றுகிறது என்று சொல்லிவிட முடியாது.

மறுமொழி (பழைய பயனர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தங்கள் கேள்வியின் கடைசி வரி எனக்குக் கவலையளிக்கிறது. விடியலில் 12 தேவைப்படும் ஒருவருக்கு 10இல் தடை போட்டால், அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கருவி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். உயர்ந்த அளவைவிடக் குறைந்த அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தானியங்கிக் கருவி முன்கூட்டி அறிந்து செயல்படுவதில்லை. தொண்டை ஒடுங்கத் தொடங்கிய பிறகே அதைப் பின்தொடர்ந்து ஓடுகிறது. 4இல் நின்றுகொண்டிருக்கும் கருவி 11க்குப் போய்ச் சேர்வதற்குள் பல தடைகள் நிகழ்ந்துவிடலாம், அந்தத் துரத்தலே உறக்கத்தைக் கலைக்கவும் கூடும். எனக்கும் முதலில் 4 முதல் 20 வரை என்றுதான் வைத்துக் கொடுத்தார்கள். மருத்துவர் பதிவுகளைப் பார்த்துக் குறைந்த அளவை 7ஆக உயர்த்திய பிறகு வரைபடத்தில் இருந்த மலைகள் குன்றுகளாயின. இந்தச் சிகிச்சையைப் பற்றி 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவனும் அவருடைய குழுவினரும் முதன்முதலில் எழுதியபோது, ஐந்து நோயாளிகளுக்கு 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் வரையிலான தொடர் அழுத்தத்தையே மூக்கு வழியே கொடுத்தார்கள். தானாக ஏறியிறங்கும் கருவிகள் பிற்பாடு வந்தவை. அழுத்தத்தின் இந்த ஏற்றயிறக்கத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு இன்றும் நிலையான அழுத்தம் ஒரு நல்ல வழியே.

வெளிமூச்சுத் தளர்வு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 8இல் அழுத்தம் இருக்கும்போது தளர்வு 3 என்றால், மூச்சை வெளியே விடும் நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது 5தான்.

மறுமொழி (கசிவு தேடி)

குறைந்த அளவைத் தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். இரண்டு வாரங்களாகத்தான் மாற்றம் என்கிறீர்கள். நோய் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. ஆனால் மாஸ்க்கின் சிலிகான் விளிம்பு தளரும், மூக்கு அடைத்துக்கொள்ளும், உறக்கத்தில் வாய் திறந்துகொள்ளும். மது அருந்திய இரவிலும், சில உறக்க மாத்திரைகளை விழுங்கிய இரவிலும் தொண்டைத் தசைகள் கூடுதலாகத் தளரும். முதலில் இவற்றை விலக்குங்கள்.

காற்றுக்கசிவு மிகுந்தால் கருவி மூச்சின் வடிவத்தைச் சரியாகப் படிக்க முடியாது. அதைவிடக் கொடுமை, இது ஒரு சுழலாக மாறிவிடும்: அழுத்தம் கூடினால் மாஸ்க் விளிம்பு தூக்கிக்கொண்டு கசியும், கசிந்தால் விழிப்பு வரும், விழித்திருக்கும் ஒழுங்கற்ற மூச்சைக் கருவி தவறாகப் படிக்கும். மெமரி கார்டில் உள்ள பதிவை ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, அழுத்தக் கோட்டையும் கசிவுக் கோட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எது முதலில் எழுகிறது என்பதுதான் கேள்வி. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகளில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேற்பட்ட கசிவே மிகுகசிவாகக் கொள்ளப்படுகிறது. வேறு சில கருவிகள் மாஸ்க்கின் துளை வழியே இயல்பாக வெளியேறும் காற்றையும் சேர்த்துக் காட்டும் என்பதால் அவற்றுக்கு இந்த 24 பொருந்தாது. கருவியின் அமைப்பில் மாஸ்க் வகை சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்; மூக்கு மாஸ்க் அணிந்துகொண்டு முழுமுக மாஸ்க் என்று வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி கேட்டவர் (அரைத்தூக்கம்)

அனைவருக்கும் நன்றி. என்னுடையது ரெஸ்மெட் கருவிதான். வெளிமூச்சுத் தளர்வு 3. அழுத்தம் 12ஐத் தாண்டிய இரவுகள் நான்கு. அவற்றில் மூன்றில் கசிவுதான் முதலில் எழுந்து 24ஐக் கடந்திருக்கிறது. பிறகே அழுத்தம் ஏறுகிறது. நான்காவது இரவில் கசிவே இல்லாமல் அழுத்தம் தானாக ஏறியிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில இடங்களில் திறந்த மூச்சுவழி நிறுத்தம் என்று குறி விழுந்திருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அழுத்தம் கூடவே இல்லை. கருவி கோட்டைவிட்டதா?

மறுமொழி (உள்மூச்சு)

கோட்டைவிடவில்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறது. மூச்சு நின்றதும் கருவி மிகச் சிறிய அழுத்த அலைகளை அனுப்பிப் பார்க்கும். தொண்டை மூடியிருந்தால் அலை ஒரு விதமாகவும், திறந்திருந்தால் வேறு விதமாகவும் எதிரொலிக்கும். வழி திறந்திருந்தும் மூச்சு இல்லை என்றால், மூளை அந்நேரம் மூச்சிழுக்கும் கட்டளையை அனுப்பவில்லை என்று பொருள். அதற்கு அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை; சிலருக்கு அழுத்தம் கூடக்கூடக் கரியமில வாயு அதிகமாக வெளியேறி இந்த நிறுத்தங்கள் பெருகவும் செய்யும்.

புரண்டு படுக்கும்போதும் அரைவிழிப்பிலும் நாலைந்து குறிகள் விழுவது பொதுவானது. மாறாக, மிஞ்சியிருக்கும் ஏஎச்ஐயில் பெரும்பகுதி இவையாகவே இருந்தாலோ, அழுத்தத்தோடு சேர்ந்து இவை கூடினாலோ, உங்களுக்கு இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தாலோ, அமைப்பை நீங்களே மாற்றாமல் பதிவுகளோடு மருத்துவரிடம் செல்லுங்கள். அத்தகையோருக்குத் தானியங்கிக் கருவியே பொருத்தமானதா என்பதை உறக்க ஆய்வகத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கேள்வி கேட்டவர் (அரைத்தூக்கம்)

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மாஸ்க் விளிம்பை மட்டும் மாற்றி ஒரு வாரம் பார்த்தேன். 95 சதவீத அழுத்தம் 10.4ஐத் தாண்டவில்லை. பிறகு மருத்துவரைக் கண்டேன். திறந்த மூச்சுவழிக் குறிகள் மணிக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதால் அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றார். குறைந்த அளவை 6.6ஆக உயர்த்தினார், உயர்ந்த அளவைக் குறைக்க மறுத்துவிட்டார். முதல் இரண்டு இரவுகள் காற்று விழுங்கியதால் வயிறு சற்று உப்பியது, பின்னர் அடங்கியது. நான்கு மணி விழிப்பு வாரத்தில் ஒருமுறை வருகிறது. சளி பிடித்திருந்த ஓர் இரவில் மட்டும் 13 வரை போனது. கசிவைப் பார்த்தேன், 6 லிட்டர்தான், படுத்துவிட்டேன்.